கள்ளி நாற்றும் ஒட்டுக் கலையும்

சுருளி அருவியை நாடிச் செல்வோர், சுருளிப்பட்டியில் விரிந்து கிடக்கும் திராட்சைப் பந்தல்களைக் கண்டு களியாதிரார். 2023-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை விளையும் நிலம் அது. திராட்சை என்றதும் ஒரு பழைய செய்தி நினைவிற்கு வருகின்றது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பைலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களைப் பாழ்படுத்தியபோது, அமெரிக்கக் கொடியின் வேர்மேல் தம் நாட்டுக் கொடியை ஒட்டியே அந்நாட்டார் பிழைத்தனர். அழியும் இனத்தைக் காக்கவல்லது ஒட்டுக் கலை என்பதற்கு வேறு சான்று வேண்டா. அக்கலையை நம் வீட்டுத் திண்ணையிலேயே பயிலலாம். கள்ளி நாற்றுக்கள் அதற்கு மிக ஏற்றவை என்பது எம் துணிபு.

இது வெறும் பொழுதுபோக்கன்றோ எனச் சிலர் நகைக்கக்கூடும். 2015-இல் வெளிவந்த ஓர் உலகளாவிய ஆய்வு, கள்ளி இனங்களுள் 100-க்கு 31 அழியும் நிலையில் உள்ளன என்று கண்டது. அழகுச் செடி விரும்புவோர்க்காகக் காட்டிலிருந்து அவற்றைப் பறித்தல் அதன் பெருங்காரணங்களுள் ஒன்று. சைட்டீஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தம் ஏறக்குறைய எல்லாக் கள்ளிகளின் வாணிகத்தையும் கட்டுப்படுத்தியும், ஆசை அடங்கிற்றில்லை. விதையிலிருந்து வளர்க்கப் பல்லாண்டு காத்திருக்க வேண்டியிருத்தலே அவ்வாசையைத் தூண்டுகின்றது. ஒட்டுக் கலையோ அக்காத்திருப்பைப் பெரிதும் குறைக்கின்றது.

யாம் முதலில் வேலியோரத்துச் சதுரக்கள்ளியின்மேல் நாற்றை ஒட்டித் தோற்றோம். பால் வடியும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் பெயரளவிற்கே கள்ளி. அவை ஆமணக்கின் குடும்பத்தன. உறவில்லாதவிடத்து ஒட்டு நில்லாது. அப்பாலோ கண்ணிற்குக் கொடியது. சப்பாத்திக்கள்ளியும், இன்று பலர் பயிரிடும் டிராகன் பழக்கொடியுமே மெய்க் கள்ளிகள். இவற்றுள் பழக்கொடியின் இளந்தண்டு நாற்றுக்கு நல்ல தாங்குசெடியாகும். சப்பாத்திக்கள்ளியின் துண்டுகளை மட்டும் வெளியில் எறியலாகாது. ஒரு காலத்தில் நம் நிலங்களை விழுங்கிய அதனை, 1926-இல் இலங்கையிலிருந்து கொணர்ந்த கொச்சினீல் பூச்சியே அடக்கிற்று.

முறை எளிது. புதிய சவர அலகைச் சாராயத்தால் துடைத்து, தாங்குசெடியின் நுனியை ஒரே வீச்சில் அறுத்தல் வேண்டும். சில வாரமே ஆன நாற்றின் அடியையும் அவ்வாறே அறுத்து, இரண்டன் சாற்றுக்குழாய்களும் ஓரிடத்தேனும் பொருந்துமாறு வைத்து மெல்ல அழுத்துக. வெட்டுவாய் உலருமுன் இது முடிதல் வேண்டும். பின்னர்க் கண்ணாடிக் குவளையாற் கவிழ்த்து மூடிச் சில நாள் நிழலில் வைக்க. ஒட்டியது, தன் வேரில் ஆண்டுக்கணக்கில் எய்தும் பருமனைச் சில திங்களிலேயே எய்தும்.

ஒட்டுச்செடி ஊதிப் பெருத்து இயல்பழிகின்றது, நெடுநாள் வாழ்வதுமில்லை என்பர் சிலர். அதில் உண்மையுண்டு. ஆயின் நாற்று வளர்ந்தபின் அதனை அறுத்து, புண் உலர்ந்ததும் மணலில் வைத்துத் தன் வேர் விடச் செய்யலாமே! தாங்குசெடி நடைவண்டியேயன்றி நிலையான கால் அன்று. இதற்கு விலக்கும் உண்டு. 1941-இல் சப்பானில் வாட்டநாபே என்பார் விதைத்த நாற்றுக்களுள், பச்சையமின்றிச் செந்நிறமாய்ச் சில தோன்றின. தாமே உணவு சமைக்க வல்லன அல்ல அவை. ஒட்டியமையாலேயே உயிர் பெற்றன. இன்று கடைகளில் விற்கும் செந்தலைக் கள்ளிகள் அவற்றின் வழிவந்தனவே. அத்தகையதை ஒருபோதும் பிரித்தலாகாது.

எனவே, மாணவ நண்பர்காள்! அரிய கள்ளியொன்றை விலைக்கு வாங்குமுன், அது பிறந்த இடம் காடோ தோட்டமோ என்று வினவுங்கள். விடை கிடையாதாயின், ஒரு பொட்டலம் விதையும் ஓர் அலகும் வாங்குங்கள். பறித்து உடையாராதலினும் வளர்த்து உடையாராதலே கற்றார்க்கு அழகு.