துவரைச் செடியே ஏர்!

கோடை மழை ஒன்று பெய்தால் போதும். அடி அண்ணாமலைப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். செம்மண் நிலத்தை ஒரு தடவை உழுவார்கள். களை முளைத்துவிட்டது என்று மறுபடி உழுவார்கள். விதைப்பதற்கு முன் இன்னொரு தடவை! விதை மண்ணில் விழுவதற்குள் கையில் இருந்த பணம் கரைந்துவிடும்.

இத்தனை உழவு தேவையா? தேவையே இல்லை!

உழுது உழுது பொடியாகிப்போன மண் மீது மழைத்துளி விழுந்தால், மண் சிதறும். நுண்ணிய வண்டல் மண்ணின் கண்களை அடைத்துக்கொள்ளும். பிறகு பெய்யும் மழை உள்ளே இறங்காது. மேல் மண்ணையும் சேர்த்துக்கொண்டு செந்நீராக ஓடிவிடும்.

அமெரிக்காவில் புல்வெளிகளை உழுது கோதுமை போட்டார்கள். மழை பொய்த்தது. மூடாக்கு இல்லாத மண் காற்றில் கிளம்பியது. 1934-ம் ஆண்டு மே மாதம் அந்தப் புழுதி பல நூறு மைல் தாண்டி நியூயார்க் நகரத்தையே மறைத்தது!

"பெரியவர்கள் ஆழ உழச் சொன்னார்களே?" என்று கேட்கலாம். சொன்னார்கள். அது மாட்டு ஏர் காலம். உழுவதைவிட எரு இடுவது நல்லது என்று வள்ளுவரும் சொல்லியிருக்கிறாரே!

உழாமலே பயிர் செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தஞ்சாவூர்ப் பக்கம் தை மாதத்தில் பார்க்கலாம். நெல் அறுவடைக்கு ஏழு, பத்து நாள் இருக்கும்போதே, நிற்கும் பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். ஏக்கருக்குச் சுமார் 12 கிலோ விதை. மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஏரும் இல்லை, பாத்தியும் இல்லை. மிச்ச ஈரத்திலும் பனியிலும் உளுந்து விளைந்துவிடும். நெல் அறுக்கும் இயந்திரம் வந்த பிறகு அதன் சக்கரம் முளையை நசுக்குகிறது என்பது வேறு வருத்தம்.

அது ஆற்றுப் பாசன பூமி. அடி அண்ணாமலையின் மானாவாரிச் செம்மண்ணுக்கு என்ன வழி?

துவரை இருக்கிறது!

எட்டு வரிசை கேழ்வரகு, இரண்டு வரிசை துவரை. கேழ்வரகை அறுத்த பிறகும் துவரை நிற்கும். அதன் வேர் கலப்பை போகாத ஆழத்துக்குப் போய் மண்ணைத் துளைக்கும். வேர் முடிச்சில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கும். இலை தானாகவே உதிர்ந்து மண்ணை மூடும். கேழ்வரகுத் தாள் மாட்டுக்குப் போய்விடும். அதைத் தடுக்க முடியாது. மாடும் பிழைக்க வேண்டுமே! அப்போது நிலத்துக்கு மிஞ்சும் போர்வை இந்தத் துவரை இலைதான். காய் பறித்த பிறகு மிளாறு அடுப்புக்கு ஆகும்.

அடுத்த ஆண்டு நிலக்கடலை போட்டால், அப்போது மண்ணைக் கிளறித்தான் ஆக வேண்டும். கடலை பிடுங்குவதே பாதி உழவுதானே! ஆகையால் "அறவே உழாதே" என்பது இந்த ஊருக்குப் பொருந்தாது. மூன்று உழவை ஒன்றாகக் குறைத்தாலே பெரிய லாபம்.

களைக்கு என்ன செய்வது? உழவைக் குறைத்தால் முதல் இரண்டொரு ஆண்டு களை கூடத்தான் செய்யும். இதை மறைப்பது தவறு. இலைப் போர்வை சிறு களைகளை அடக்கும். கோரை அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும். முதல் 30 நாளில் கைக்களை எடுத்தே தீர வேண்டும். கூலி ஆகிறதே என்று 2,4-டி மருந்தை அடித்தால், கேழ்வரகு தப்பும். பக்கத்து வரிசைத் துவரை கருகிவிடும்!

திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. கேழ்வரகு, சாமை ஆராய்ச்சி நடக்கும் இடம். குறைந்த உழவு வயல் ஒன்றை உழவர் நிலத்திலேயே போட்டு, உழவுக் கூலி, களைக் கூலி, விளைச்சல் மூன்றையும் பலகையில் எழுதி வைக்கலாம். உழவர்கள் பேச்சைவிடக் கணக்கை நம்புவார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பொங்கல் கழிந்தால் வயலெல்லாம் ஆடு மாடுகளுக்குத் திறந்த வெளி. ஒருவர் மட்டும் துவரையை நிற்க விட்டால் அது ஊர் ஆட்டுக்கு விருந்து! வேலி போட ஏழைக்கு வசதி ஏது? காய் பறித்து முடியும் வரை மேய்ச்சலை நிறுத்த ஊரார் கூடி ஒரு தேதி குறிக்க வேண்டும். பஞ்சாயத்தார் அதை மார்கழியிலேயே பேசி முடித்துவிடலாம்.