காரணம் தெரியாத கண்ணீர்



பிள்ளைகளுக்குச் சோகம் ஆகாதென்று நாம் பலவற்றை மறைக்கிறோம். 'த மப்பெற் கிறிஸ்மஸ் கரோல்' என்ற பொம்மை நகைச்சுவைப் படத்துக்கும் இதுவே நேர்ந்தது. பணமே பெரிதென்றிருந்த ஸ்க்ரூஜை விட்டுப் பிரியும் பெண் அதில் ஒரு பாடல் பாடுவாள். சிறுவர் பொறுமையிழப்பர் என்று 1992 இல் திரையரங்கப் பிரதியில் அதை வெட்டிவிட்டனர்.

வீடியோ நாடாவில் பாடலுடன் பார்த்து வளர்ந்த இரசிகர்களோ, அதைத் திரும்பச் சேர்க்கும்படி பல ஆண்டுகள் கேட்டனர். பாடல் இல்லாவிட்டால் ஸ்க்ரூஜ் ஏன் கண்கலங்குகிறார் என்று விளங்காது. இறுதியில் வரும் மகிழ்ச்சிப் பாடலும் அதற்கான பதிலே. காணாமற்போன மூலச்சுருள் கிடைத்துவிட்டதாக 2020 இல் அறிவித்தார்கள். 2022 டிசம்பரில் முழுப்படமும் வந்தது.

சோகம் வேண்டுமென்று கேட்டவர்கள் அன்றைய சிறுவர்களே! நம் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான். பெரியவர்களின் துயரம் அவர்களுக்குத் தெரியாமலில்லை. காரணம் தெரியாத கண்ணீர்தான் அவர்களைப் பயமுறுத்துகிறது. அடுத்த முறை அம்மா ஏன் அழுகிறீர்கள் என்று பிள்ளை கேட்டால், "ஒன்றுமில்லை" என்று முகத்தைத் துடைக்காமல், அதன் வயதுக்கேற்ற இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.