கிருபைக்குச் சந்தா இல்லை
இரட்சிப்பு, விசுவாசம், கிரியை குறித்து எங்கள் சேகரக் குழுவின் நிலைப்பாடு

இந்த அறிக்கை ஏன்

கடந்த லெந்து நாட்களில் எங்கள் சபை மூதாட்டி ஒருவர் குருமனைக்கு வந்தார். நாற்பது வருடங்களுக்கு மேல் பீடி சுற்றியவர். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்த சந்தா அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்று வருடத்துக் கட்டங்கள் காலியாகக் கிடந்தன. "ஐயா, பாக்கி நிக்கு. நான் கண்ண மூடுனா கோயில் மணி அடிப்பாகளா? ஆண்டவரு என்னயச் சேத்துக்கிடுவாரா?" இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார்.

சந்தா பாக்கியும் பரலோகமும் அவர் மனதில் ஒரே ஏட்டில் பதிந்திருந்தன. அந்த ஏட்டை அவர் கையில் கொடுத்தவர்கள் நாங்களே. ஆராதனை அறிவிப்பில் பாக்கி வைத்தவர்களின் பெயர்களை வாசித்தோம். தகப்பனின் அடக்கத்துக்கு நேரம் குறிக்க வந்த பிள்ளைகளிடம் முதலில் ரசீதைக் கேட்டோம். வாயால் கிருபையைப் பிரசங்கித்துவிட்டு, கையால் வேறொன்றைப் போதித்தோம். அதற்காகச் சபையாரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

நாங்கள் விசுவாசிப்பது

மனிதன் தேவனுக்கு முன்பாக நீதிமானாக்கப்படுவது இயேசு கிறிஸ்துவினிமித்தம், கிருபையினாலே, விசுவாசத்தைக் கொண்டே. அவனுடைய தர்மமோ தசமபாகமோ உபவாசமோ ஊழியமோ அதற்கு விலையாகாது.

ரோமர் 4ஆம் அதிகாரத்தில் பவுல் இதற்குக் கூலிக்காரனையே உதாரணம் காட்டுகிறார். வேலை செய்தவனுக்குக் கொடுக்கப்படுவது கூலி. அதைக் கொடுப்பது கடன் தீர்ப்பதேயன்றி தயவு ஆகாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்கிய கைக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். தேவன் தருவது கூலி அல்ல, ஈவு. லூக்கா 18இல் வாரத்துக்கு இரண்டு நாள் உபவாசத்தையும் தன் தசமபாகத்தையும் ஆலயத்தில் சொல்லிக் காட்டியவன் வெறுமையாகப் போனான். மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்ட ஆயக்காரனே நீதிமானாக வீடு திரும்பினான்.

1517இல் விட்டன்பர்க்கில் மார்ட்டின் லூதர் 95 கருத்துகளை எழுதக் காரணமும் இப்படிப்பட்ட ஒரு ரசீதுதான். ரோமில் பேதுரு பேராலயத் திருப்பணிக்கென்று சொல்லி விற்கப்பட்ட பாவமன்னிப்புச் சீட்டை வாங்கியவர்கள், இனி மனந்திரும்ப வேண்டியதில்லை என்று எண்ணிவிடுவார்கள் என அவர் அஞ்சினார். 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை நான்காம் பிரிவில் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதலை வைத்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் மண்ணுக்குக் கொண்டுவந்த சுவிசேஷமும் இதுவே. அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அந்த மரபில் வந்த நாங்கள் ரசீதை வைத்து ஆத்துமாவை அளப்பது, பெற்றதை மறுதலிப்பது ஆகும்.

அப்படியானால் நற்கிரியை எதற்கு

நல்ல கேள்வி. யாக்கோபு 2ஆம் அதிகாரம் கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். பவுலும் யாக்கோபும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆபிரகாம் விசுவாசித்தான், அது நீதியாக எண்ணப்பட்டது என்பது ஆதியாகமம் 15இல். ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தியது 22இல், பல வருடங்களுக்குப் பிறகு. முதலில் வேர், பிறகு கனி. பவுல் வேரைக் காட்டுகிறார். பசித்தவனை வெறும் வாழ்த்தோடு அனுப்பிவிடுகிறவர்களிடம் யாக்கோபு கனி எங்கே என்று கேட்கிறார். எபேசியர் 2ஆம் அதிகாரமும் கிரியைகளினால் அல்ல என்று சொன்ன கையோடு, நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது.

மத்தேயு 25இல் பசித்தவருக்குக் கொடுத்தவர்கள் தாங்கள் செய்தது தங்களுக்கே தெரியாமல் நிற்கிறார்கள். எப்போது கொடுத்தோம் என்று ராஜாவையே கேட்கிறார்கள். அவர்களிடம் கணக்கு ஏடு இருக்கவில்லை. விசுவாசத்தின் கிரியைக்கு அதுவே அடையாளம்.

கத்தோலிக்கச் சகோதரர்களைப் பற்றி

இந்தப் போதனையைக் கல்லாக்கி அவர்கள்மேல் எறிவதை நாங்கள் ஏற்கவில்லை. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதைக் குறித்துக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியாலும் அல்ல, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்பின் செயலில் வைக்கும் விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. 2006இல் மெதடிஸ்டுகளும் அதோடு சேர்ந்தார்கள். வேறுபாடுகள் இன்னும் உண்டு. ஆனால் நாம் நீதிமானாக்கப்படுதல் என்பதை அவர்கள் ஏற்புடையவராதல் என்று வாசிப்பதால் மட்டும் அவர்கள் வேறொரு கிறிஸ்துவை நம்புகிறவர்கள் ஆகிவிடமாட்டார்கள்.

இனி எங்கள் நடைமுறை

1. திருவிருந்து, ஞானஸ்நானம், அடக்க ஆராதனை, கல்லறைத் தோட்டத்தில் இடம், கோயில் மணி ஆகியவை சந்தா பாக்கிக்காக யாருக்கும் மறுக்கப்படா, தாமதிக்கப்படா.

2. பாக்கி வைத்தவர்களின் பெயர்கள் ஆராதனையில் வாசிக்கப்படா, பலகையில் ஒட்டப்படா. பாக்கி இருக்கும் வீட்டுக்கு மூப்பர் இருவர் போவார்கள். முதல் கேள்வி சுகம் விசாரிப்பதாக இருக்கும்.

3. இவ்வளவு கொடுத்தால் பாவம் மன்னிக்கப்படும், சாபம் நீங்கும், பரலோகத்தில் இடம் உறுதி என்று பேசுகிறவர் யாராக இருந்தாலும் எங்கள் பிரசங்க பீடத்தில் அவருக்கு இடமில்லை.

4. காணிக்கை தொடரும். ஊழியர் சம்பளமும் கோயில் பராமரிப்பும் ஏழைப் பிள்ளைகளின் படிப்பு உதவியும் அதிலிருந்தே நடக்கின்றன. கொடுக்கக் கூடியவர்கள் கைநிறையக் கொடுக்க வேண்டுகிறோம். அது இரட்சிக்கப்பட்டவர்களின் நன்றி.

வசூல் குறைந்துவிடும் என்று எங்கள் குழுவிலேயே சிலர் கவலைப்பட்டார்கள். குறையலாம். பயத்தைக் காட்டி வாங்கிய பணத்தில் கோயிலுக்கு வெள்ளையடிப்பதைவிட, சுண்ணாம்பு உதிர்ந்த சுவருக்குள் சுவிசேஷத்தை உள்ளபடி சொல்வது மேல் என்று முடிவு செய்தோம்.

சீர்திருத்த ஞாயிறன்று சேகரத்தின் எல்லா ஆலயங்களிலும் இந்த அறிக்கை வாசிக்கப்படும். அந்த அம்மாவால் இப்போது கோயிலுக்கு நடந்து வர முடிவதில்லை. ஆகையால் அதற்கு முந்தின நாள் சாயங்காலம், அவர் வீட்டுத் திண்ணையில் அவருக்கு முதலில் வாசிப்போம். மணி அடிக்கும் என்று சொல்ல எங்களுக்கு அதிகாரம் உண்டு. அவருடைய இரண்டாவது கேள்விக்குச் சிலுவையில் ஆண்டவரே பதில் சொல்லிவிட்டார் என்பதையும் சொல்லிவிட்டு, அட்டையை அவரிடமிருந்து வாங்கிக்கொள்வோம்.