தெருவில் ஆடும் பிள்ளைகளும் பூட்டிய மண்டபங்களும்

கோடைகாலச் சனிக்கிழமைகளில் மொன்றியல் ஜான்-டலோன் சந்தைக்கு எம்மவர் பலர் செல்வது வழக்கம். 1933ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இச்சந்தை இத்தாலியக் குடியேறிகளின் பகுதியில் அமைந்திருப்பினும், தமிழ்க் குடும்பங்கள் வாழும் பார்க் எக்ஸ்ரென்ஷனுக்குத் தொலைவில் இல்லை. கடந்த கோடையில் அங்கு நாம் கண்ட காட்சியே இதனை எழுதத் தூண்டியது.

தக்காளிக் கூடைகளுக்கு அப்பால், நடைபாதையோரம் இளைஞர் சிலர் ஒலிபெருக்கி ஒன்றை வைத்து ஆடிக்கொண்டிருந்தனர். ஒருவன் கையூன்றித் தலைகீழாகச் சுழன்றான். மற்றொருவன் ஒரு கணம் எலும்பற்றவன் போலவும் மறுகணம் இயந்திரம் போலவும் அசைந்தான். அவன் தமிழ்ப் பிள்ளை. சூழ நின்றோர் கைதட்டினர். காய்கறிப் பையுடன் நின்ற எம்மவர் ஒருவரோ, "படிக்கிற வயதிலை தெருவிலை கூத்தாடுதுகள்" என்று முகஞ்சுளித்து நகர்ந்தார்.

அவர் வசையாகச் சொன்ன 'கூத்து' என்ற சொல்லையே நாம் எடுத்துக்கொள்கின்றோம். கூத்தில் வடமோடி, தென்மோடி என மோடிகள் இருப்பதுபோல் இவ்வாட்டத்திலும் பல மோடிகள் உள. ஜமேய்க்காவிலிருந்து குடியேறிய கூல் ஹேர்க் என்ற இளைஞர் 1973 ஆகஸ்ட் 11இல் நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியில், தம் சகோதரி ஒழுங்குசெய்த விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஹிப்-ஹொப் பிறந்த நாளாக அதுவே கொள்ளப்படுகின்றது. பாடல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் இடைவெளியை அவர் நீட்டினார். அவ்விடைவெளியில் ஆடப்பட்டதே பிறேக்கிங். லொஸ் ஏஞ்சல்ஸில் டொன் காம்பல் உருவாக்கிய லொக்கிங்கில், விரையும் அசைவு பூட்டுப் போட்டாற்போல் சட்டென நிற்கும். பிறெஸ்னோ நகரில் வளர்ந்த பொப்பிங், தசையைத் தாளத்துக்கு இறுக்கித் தளர்த்துவது. 1994இல் 'காதலன்' படத்தில் பிரபுதேவா ஆடக் கண்டு நாம் வியந்ததும் அதன் சாயலையே. கிறம்ப், 2000களின் தொடக்கத்தில் தென் லொஸ் ஏஞ்சல்ஸின் கறுப்பின இளைஞர் தம் சினத்தையும் துயரையும் வன்முறையின்றி வெளியிடக் கண்ட வழி.

மேடை கிடைக்காதோர் தெருவையே மேடையாக்கினர். இதில் எமக்கு அந்நியமானது எது? கூத்தையும் எம்மிற் படித்தோர் ஒதுக்கியே வைத்திருந்தனர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அதனை மேடையேற்றினார். இன்று பெருஞ்செலவில் நாம் அரங்கேற்றும் பரதமும் சதிர் என இகழப்பட்டதே. 1935இல் ருக்மிணி தேவி அதனை ஆடியபோது சலசலப்பு எழுந்தது. பறையின் கதையைச் சொல்லவும் வேண்டுமோ?

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பிறேக்கிங் இடம்பெற்றது. ஆண்கள் பிரிவில் தங்கம் வென்றவர் கனடாவின் பிலிப் கிம், கொரியக் குடியேறிகளின் மகன். அதே களத்தில் அகதிகள் அணிக்காக ஆடிய ஆப்கானியப் பெண் மனிஷா தலாஷ், தம் நாட்டுப் பெண்களின் விடுதலை கோரும் வாசகத்தை விரித்துக் காட்டியமையால் தகுதி நீக்கப்பட்டார். 2028 ஒலிம்பிக்கில் இவ்வாட்டம் இல்லை. எனினும் இது பதக்கத்துக்காகப் பிறந்த கலையன்று. மொன்றியலின் லூக்கா பட்டுவெல்லி, மூட்டுகளை முடக்கும் குறையுடன் பிறந்து, ஊன்றுகோல்களுடன் ஆடி உலகறியப்பட்டவர் என்பதை எம்மவர் எத்தனை பேர் அறிவர்?

பெற்றோரின் அச்சத்தை நாம் எள்ளவில்லை. உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு வந்தவர்க்குப் பிள்ளையின் கல்வியே காணியும் வீடும். இரவில் அவன் யாருடன் நிற்கின்றான் என்ற கவலையும் நியாயமானதே. ஆனால் அதற்கு மருந்து வசையன்று, இடம். பனிக்காலத்தில் தெரு உறைந்தபின் இப்பிள்ளைகள் எங்கே ஆடுவர்? எமது சங்கங்களின் மண்டபங்களோ வாரநாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் ஒரு மாலையேனும் அவற்றைத் திறந்துவிடுவோம். கலைவிழாவில் பரதத்துக்கு அரைமணி ஒதுக்கும் நாம் இவர்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவோம். பெற்றோர் முன்வரிசையில் அமர்ந்து பார்க்கட்டும்.

சந்தையில் வேற்றினத்தார் கைதட்டிய பிள்ளைக்கு எமது மண்டபத்தில் ஒரு கைதட்டல் கிடைக்காதெனில், நாளை அவன் அம்மண்டபத்தின் படியேறவில்லை என்று குறைகூற எமக்கு உரிமையில்லை.