சிவந்த கண்ணெல்லாம் ‘மெட்ராஸ் ஐ’ இல்லை... எதிர்ப்பு சக்தியே கண்ணைத் தாக்குவது ஏன்?

கண்ணு சிவந்தா போதும், ‘மெட்ராஸ் ஐ’ என்று தாங்களே முடிவு கட்டுபவர்கள் அதிகம். மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, இரண்டு நாள் லீவு. ஆனால் சிவப்போடு வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல் எல்லாம் சேர்ந்தால் அது ‘யுவைட்டிஸ்’ ஆக இருக்கலாம்.

யுவைட்டிஸ் என்றால் என்ன?

கண்ணின் வெள்ளைப் படலத்துக்கும் விழித்திரைக்கும் நடுவே, ரத்தக் குழாய்கள் நிறைந்த ஓர் அடுக்கு உண்டு. அங்கே வரும் அழற்சிதான் இது. காசநோய், ஹெர்பெஸ் போன்ற தொற்றுகளாலும் வரலாம். ஆனால் பலருக்குக் கிருமியே இருக்காது. உடலின் எதிர்ப்பு செல்களே கண் திசுவை எதிரி என நினைத்துத் தாக்குகின்றன. காலையில் எழும்போது முதுகு விறைத்துப்போகும் ‘ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்’ உள்ள இளைஞர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

பிரேக் எங்கே போச்சு?

எதிர்ப்பு சக்தி என்பது ஆக்சிலேட்டர் மட்டும் அல்ல, பிரேக்கும் உண்டு. ‘ரெகுலேட்டரி டி செல்’கள்தான் அந்த பிரேக். 1995-ல் இவற்றை அடையாளம் காட்டியவர் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி. இவற்றின் வளர்ச்சிக்கு அவசியமான ‘ஃபாக்ஸ்பி3’ மரபணுவை 2001-ல் வெளிப்படுத்தியவர்கள் அமெரிக்காவின் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல். மூவருக்கும் 2025-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

தோலில் காயம் பட்டால் ஆறிவிடும். விழித்திரை செல்கள் செத்தால் மறுபடி வளராது. அதனால்தான் கண் இயல்பாகவே எதிர்ப்பு செல்களை அடக்கி வைக்கிறது. அந்தக் கட்டுப்பாடு தளரும்போது பார்வைக்கே ஆபத்து.

சிகிச்சை எப்படி?

அழற்சியை அடக்க முதலில் தருவது ஸ்டீராய்டு. அடங்காவிட்டால், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்தைத் தடுக்கும் அடலிமுமாப் ஊசி. இதற்கு 2016-ல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. உடலில் தூங்கிக்கிடக்கும் காசநோயை இது எழுப்பிவிடலாம் என்பதால், முன்கூட்டியே பரிசோதனை கட்டாயம்.

சிக்கல் இங்கேதான். அதே ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்குபவர்களும் இருக்கிறார்கள், கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. சிவப்பு குறையும், நிம்மதியா இருக்கும். ஆனால் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரை வரலாம். ஹெர்பெஸ் தொற்று இருந்தால் நிலைமை மோசமாகும். இந்த விற்பனை நிற்க வேண்டும்.

‘இம்யூனிட்டி பூஸ்டர்’ விளம்பரங்களும் இங்கே உதவாது. இந்த நோயில் தேவை கூடுதல் வேகம் அல்ல, கட்டுப்பாடு. கண் சிவந்து வலியும் கூச்சமும் இருந்தால், அன்றே போக வேண்டிய இடம் மருந்துக்கடை இல்லை, கண் மருத்துவர்.