ஓங்கில் மருந்தாகாது

ஒரு சொல் தனக்கு உரிமையில்லாத இடத்தில் அமர்ந்திருப்பதைக் கண்டும் பேசாதிருப்பது, மொழியைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அழகன்று. 'சிகிச்சை' என்னும் சொல் இன்று கேளிக்கைக் குளங்களின் வாசலில் அமர்த்தப்பட்டிருக்கிறது. டால்பினோடு நீந்தினால் குழந்தையின் குறைபாடு நீங்கும் என்று வெளிநாட்டுச் சுற்றுலா வணிகம் பரப்பும் கதையைத்தான் சொல்கிறோம்.

கதை சுந்தரபாண்டியம் வரை வந்துவிட்டது. தறிச் சத்தம் கேட்கும் தெருவில் ஒரு பிள்ளை. நடக்கையில் தடுமாறுகிறான், கண்ணை மூடினால் நிற்க இயலவில்லை. துபாயில் வேலை பார்க்கும் தாய்மாமன், "ஒரு வாரம் அழைத்து வாருங்கள், டால்பினோடு நீந்தவிட்டால் சரியாகிவிடுமாம்" என்கிறார். பெற்றோரையும் மாமனையும் நாம் பரிகசிக்கவில்லை. மொட்டையும் நேர்த்திக்கடனும் முடிந்த பிறகு, அறிவியல் சாயம் பூசிய இன்னொரு நேர்த்திக்கடன் வந்து நின்றால் எந்தத் தாய்க்கு மறுக்க மனம் வரும்? நம் வழக்கு அதை விற்பவர்களோடு. 'கடலின் மருத்துவர்', 'புன்னகைக்கும் நண்பன்' என்றெல்லாம் எழுதி அந்த விற்பனைக்குத் துணைபோகும் படித்த கூட்டத்தோடு.

இச்சிகிச்சையின் வரலாற்றைப் பார்ப்போம். 1970களில் இதைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் பெட்சி ஸ்மித் என்னும் அமெரிக்க மானிடவியலாளர். பின்னாளில் அவரே இதைக் கைவிட்டு, எதிர்த்தும் பேசினார். லோரி மரினோ, ஸ்காட் லிலியன்ஃபெல்ட் ஆகிய ஆய்வாளர்கள் 1998இலும் 2007இலும் இதற்கு ஆதரவாகக் காட்டப்பட்ட ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். அவற்றின் முறைகளில் பெரும் பிழைகள் இருந்தன. நிலைத்த பயன் உண்டு என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

சான்று கிடக்கட்டும், உடலின் கணக்கையாவது பார்ப்போம். உட்செவி, கண், தசைகளும் மூட்டுகளும் தரும் உணர்வு ஆகிய மூன்றும் அனுப்பும் செய்திகளை மூளை ஒன்றிணைப்பதால் நாம் விழாமல் நிற்கிறோம். இதில் குறையுள்ள பிள்ளை, சாய்வதும் தானே நிமிர்வதுமாக ஆயிரம் முறை முயன்றுதான் முன்னேற வேண்டும். டால்பின் குளத்தில் நடப்பது என்ன? மிதவைச் சட்டை பிள்ளையைத் தூக்கி நிறுத்துகிறது. பயிற்சியாளர் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். விலங்கு இழுத்துச் செல்கிறது. சமநிலைக்காகப் பிள்ளை செய்யவேண்டிய வேலையை மற்றவர்கள் செய்துவிடுகிறார்கள். இதில் அவன் எதைப் பயில்கிறான்? போதாக்குறைக்கு வழுக்கும் ஈரத் தளம், படிகள், 200 கிலோவைத் தாண்டக்கூடிய ஒரு விலங்கு. தடுமாறும் பிள்ளைக்கு முதல் ஆபத்து அந்த ஈரத் தளத்திலேயே காத்திருக்கிறது.

அந்தப் 'புன்னகை' தாடையின் அமைப்பு. செத்த டால்பினுக்கும் அது உண்டு. 1998இல் பல்கேரியாவிலிருந்து சென்னைக் கடற்கரைச் சாலைக் கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குக் கொண்டுவரப்பட்ட டால்பின்கள் சில மாதங்களிலேயே மடிந்தன. 2013 மே மாதத்தில் மத்திய உயிர்க்காட்சியக ஆணையம், டால்பின் காட்சியகங்களுக்கு இந்தியாவில் இடமில்லை என்று அறிவித்தது. சொந்த மண்ணில் வேண்டாமென்று விலக்கிய ஒன்றை விமானமேறிப் போய் வாங்குவதற்கு என்ன பெயர்? சிங்கப்பூரில் அதே 2013இல் திறக்கப்பட்ட காட்சியகத்தின் டால்பின்கள் சாலமன் தீவுக் கடலில் வலைபோட்டுப் பிடிக்கப்பட்டவை. ஒரு பிள்ளையின் உடல் தளையிலிருந்து விடுபட, இன்னொரு உயிரைத் தளையிடுவதா?

"பிள்ளைக்கு மகிழ்ச்சி கூடாதா?" என்பார்கள். கூடும், அவசியமும்கூட. ஆனால் மகிழ்ச்சியை மகிழ்ச்சி என்று சொல்லி விற்கட்டும். மருந்து என்று விற்றால், ஊர் திரும்பிய மறுமாதமும் பிள்ளை தடுமாறும்போது தோற்றவன் யார்? விற்றவன் அல்லன், "இவ்வளவு செலவழித்தும்..." என்ற பெருமூச்சு பிள்ளையின் காதில்தான் விழுகிறது.

மகிழ்ச்சிதான் நோக்கமென்றால் வழிகள் பல உண்டு. டால்பினை நம் மீனவர்கள் ஓங்கில் என்பார்கள். மன்னார் வளைகுடாவில் அது தன் இச்சைப்படி வாழ்கிறது. ஒடிசாவின் சில்கா ஏரியில், சாத்தபாடாவில், படகில் அமர்ந்து தொலைவிலிருந்தே காணலாம். தடுமாறும் பிள்ளை தகப்பன் மடியில் உட்கார்ந்து பார்க்கலாம், காண்பதற்குத் தொடவேண்டியதில்லை. மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கான பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது. அத்தகைய பாதை ஒவ்வொரு கடற்கரைக்கும் வேண்டும், புயலுக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று கேட்பதல்லவா நம் வேலை?

சிகிச்சைதான் நோக்கமென்றால் அதன் முகவரி வேறு. நீர்ப்பயிற்சியை நாம் மறுக்கவில்லை. மார்பளவு நீர் உடலெடையின் பெரும்பகுதியைத் தாங்கும். விழும் அச்சம் குறையும். இயன்முறை மருத்துவர் துணைநிற்க, பிள்ளை தானே அடியெடுத்து வைக்கும் பயிற்சி அது. அதற்கு ஓங்கில் தேவையில்லை. முதலில் குறையின் காரணம் செவியிலா, மூளையிலா, தசையிலா என்று மருத்துவர் கண்டறிய வேண்டும். பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையங்கள் வழியே இயன்முறைப் பயிற்சி பெற வாய்ப்புண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மறுவாழ்வுச் சேவையை, 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்ற வாலோடுதான் என்றாலும், அரசின் கடமையாக்கியிருக்கிறது. அந்த வாலைப் பிடித்து இழுத்துக் கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில்தான் விளம்பரக்காரன் புகுந்துவிடுகிறான்.

ஆகவே மாமன்மார்களுக்கு நாம் சொல்வது இது. விமானச் சீட்டுக்கு வைத்திருக்கும் பணத்தைப் பயிற்சிக்குக் கொடுங்கள். பிள்ளையோடு வாரந்தோறும் திருவில்லிபுத்தூருக்குப் பேருந்தேறும் தாயின் ஒருநாள் கூலியை ஈடுகட்டுங்கள். எழுதுகிறவர்களுக்குச் சொல்வது இன்னும் சுருக்கமானது: பொழுதுபோக்கைப் பொழுதுபோக்கு என்றே எழுதுங்கள்.