இருபது உயிருக்குக் கணக்குக் கேட்பது யார்?

2015 ஏப்ரல் 7, விடியற்காலை. சேஷாசலம் காட்டில், சந்திரகிரிக்கு அருகே இரண்டு இடங்களில் இருபது பிணங்கள் கிடந்தன. அத்தனை பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்தார். பலர் மலைவாழ் பழங்குடி மக்கள். அன்று அந்த இடம் சித்தூர் மாவட்டம்; 2022 முதல் திருப்பதி மாவட்டம். மாவட்டத்தின் பெயர் மாறிவிட்டது. கேள்வி மாறவில்லை.

போலீஸ் தரப்பு சொன்னது இது: நூற்றுக்கு மேற்பட்டோர் கல், அரிவாள், கோடரியோடு செம்மரக் கடத்தல் தடுப்புப் படையைத் தாக்கினர், எச்சரித்தும் கேட்கவில்லை, தற்காப்புக்காகச் சுட்டோம். உயிர் தப்பிய மூன்று பேர் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் வேறு கதை சொன்னார்கள். தம்மோடு வந்தவர்களைக் காட்டில் அல்ல, வரும் வழியிலேயே போலீஸார் பிடித்துப் போனார்கள் என்றார்கள். பஸ்ஸில் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் தப்பித்தேன் என்றார் ஒருவர்.

இரண்டில் எது உண்மை? அதைச் சொல்ல நாம் நீதிபதிகள் அல்ல. சுட்டவரும் அல்ல என்பதே நம் வாதம். ஆனால் நடந்தது என்ன? முதலில் வழக்குப் பதிவானது செத்தவர்கள் மீது! கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண் புகார் கொடுத்து, உயர் நீதிமன்றத்தில் கேள்வி எழுந்த பிறகுதான் கொலை வழக்குப் பதிவானது. விசாரிக்க அரசு அமைத்த சிறப்புக் குழுவும் அதே மாநிலப் போலீஸ் அதிகாரிகளைக் கொண்டது. குடும்பத்துக்கு 5 லட்ச ரூபாய் இடைக்கால நிவாரணம், சி.பி.ஐ. விசாரணை என்று ஆணையம் பரிந்துரைத்தது. அதற்கு உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கப்பட்டது. கணக்கு எழுதியவனே தணிக்கையும் செய்தால் அது கணக்கா? ரயில்வேயில் ஒரு நாள் வசூலில் பத்து ரூபாய் குறைந்தால் குமாஸ்தா பதில் சொல்ல வேண்டும். இருபது உயிர் குறைந்தால்?

சட்டம் இல்லாமல் இல்லை, தோழர்களே. கைதுக்கு இணங்காதவரைப் பிடிக்கத் தேவையான பலத்தைப் போலீஸ் பயன்படுத்தலாம். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைப் பறிக்க அந்த அதிகாரம் இடந்தராது. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு சொன்னதும் இதுவே. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் 43ஆம் பிரிவு சொல்வதும் இதுவே. மரம் வெட்டியதற்குத் தண்டனை சிறை. துப்பாக்கிக் குண்டு அல்ல.

ஆந்திராவில் நடந்த 'என்கவுன்ட்டர்' சாவுகள் பற்றிய புகார்களிலிருந்துதான் மனித உரிமை ஆணையத்தின் 1997ஆம் ஆண்டு நெறிமுறைகள் பிறந்தன. பிறகு 2014 செப்டம்பர் 23இல் உச்ச நீதிமன்றம் பதினாறு கட்டளைகள் இட்டது. வழக்குப் பதிய வேண்டும். சி.ஐ.டி. அல்லது வேறு நிலையத்துப் போலீஸ் விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும். உறவினருக்கு உடனே தகவல் தர வேண்டும். வீரம் ஐயமறத் தெளியும்வரை பதவி உயர்வோ பரிசோ கூடாது. இத்தனையும் வந்து ஏழு மாதம் ஆகுமுன் விழுந்தவைதான் அந்த இருபது பிணங்கள்.

இதை ஆந்திரா, தமிழ்நாடு என்ற சண்டையாக்க நாம் விரும்பவில்லை. 2018 மே 22இல் தூத்துக்குடியில் சுட்டதும், 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் அடித்ததும் தமிழ் பேசும் போலீஸ்தான். அதேபோல, செம்மரக் கடத்தலுக்கு நாம் வக்காலத்து வாங்கவும் இல்லை. 2013 டிசம்பரில் இதே காட்டில் இரண்டு வன அதிகாரிகள் கொல்லப்பட்டனர். அவர்களுக்கும் குடும்பம் உண்டு. அந்த வழக்கில் பிடிபட்ட நூற்றுக்கணக்கான தமிழ்க் கூலிகள் நீண்ட நாள் சிறையில் வாடி, 2016இல் திருப்பதி நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். குற்றவாளிகள் என்று ஊரே சொன்னவர்கள்! அவர்களையும் காட்டிலேயே சுட்டிருந்தால் அந்த விடுதலையைக் கேட்க யார் இருந்திருப்பார்கள்?

சாதாரணக் கூலிக்கும் இதில் பங்கு உண்டு. கட்டட வேலைக்கு வந்த நம் ஆட்கள், லுங்கியும் துணிப்பையும் தமிழ்ப் பேச்சுமாய் நின்ற குற்றத்துக்கு, ரயிலடியில் தனியே நிறுத்தி விசாரிக்கப்பட்டதை டிக்கெட் ஜன்னலுக்குள்ளிருந்து நானே பார்த்திருக்கிறேன்.

நாம் கேட்பது நான்கு. போலீஸ் மீதான புகாரைப் போலீஸ் அல்லாதார் விசாரிக்க வேண்டும்; ஒவ்வொரு மாநிலத்திலும் மாவட்டத்திலும் புகார் ஆணையம் வேண்டும் என்று 2006இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. சுட்ட துப்பாக்கி உடனே தடயவியல் சோதனைக்குப் போக வேண்டும். தமிழ் மட்டும் அறிந்தவருக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாக்குமூலம் வாங்கக் கூடாது. சாட்சிக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு வேண்டும்.

நம் கடமையும் உண்டு. வேலைக்குக் கிளம்புமுன் எங்கே, யாரோடு, எந்த மேஸ்திரியிடம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். 'ஒரு நாளைக்கு ஆயிரங்கள்' என்று மரத்துக்கு அழைக்கும் தரகனை வாசற்படி ஏற்றாதீர்கள். மலை ஏறுவது நீங்கள், மாளிகை எழுவது அவனுக்கு. தாய்மார்களே! எவருக்காவது இப்படி நேர்ந்துவிட்டால், எழுத்து தெரியாது என்று ஒதுங்காதீர்கள். விதிப்படி விசாரணை நடக்காவிட்டால் மாவட்ட செஷன்ஸ் நீதிபதியிடம் முறையிடும் உரிமையை அந்தக் கட்டளைகளே குடும்பத்துக்குத் தந்திருக்கின்றன. மனு எழுதச் சங்கத்தில் ஆள் உண்டு. கதவைத் தட்டுங்கள்.